60 அடி ஓட்டம்: பேஸ்பால் பிள்ளைகளுக்கு எதைப் பழக்குவது?

பேஸ்பால் மைதானத்தின் நடுவே ஒரு சதுரம். அதன் நான்கு முனைகளிலும் நான்கு பேஸ்கள். பந்தை அடித்தவர் அவற்றை வரிசையாகத் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்குப் பெரியவர்கள் ஆட்டத்தில் 90 அடி. அமெரிக்காவில் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீகில் 60 அடி. கிரிக்கெட்டில் ஒரு ரன்னுக்குக் கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடும் தூரம் 58 அடி. ஆக, இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓடுவது ஒரு சிங்கிள் தூரம்தான். ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றிவந்தாலும் மொத்தம் 240 அடி.

பல பயிற்சிகளில் நடப்பதோ வேறு. தொடக்கத்தில் மைதானத்தைச் சுற்றி மெதுவோட்டம், தவறு செய்தால் இன்னும் இரண்டு சுற்று. ஆட்டத்தில் வராத ஓட்டம் இது. ஆட்டத்தில் வரும் ஓட்டத்துக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

உடம்பின் கணக்கு

சில நொடிகள் முழு வேகத்தில் ஓடும்போது தசை தன்னிடம் தயாராக இருக்கும் ஆற்றலைச் செலவழிக்கிறது. சுமார் 10 நொடிகளில் அது தீரும். ஓய்வு கொடுத்தால் சில நிமிடங்களில் மீண்டும் சேரும். நீண்ட மெதுவோட்டம் பழக்குவது இதயத்தின், நுரையீரலின் தாக்குப்பிடிக்கும் திறனை. அது நல்லதுதான், ஆனால் முதல் பேஸுக்கு அரை நொடி முன்னால் போய்ச் சேர அது உதவாது. கல்லூரி ஆட்டக்காரர்களை ஒரு பருவம் முழுக்கக் கவனித்த சிறிய ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. நெடுநேரம் ஓடிய குழுவின் கால் உந்துதிறன் குறைந்திருந்தது. குறுகிய வேக ஓட்டம் ஓடிய குழுவுக்குக் கூடியிருந்தது.

பந்தெறியும் பிட்சர்களை ஆட்டத்துக்கு மறுநாள் நெடுந்தூரம் ஓடவிடும் வழக்கமும் உண்டு. கையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வடிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். அந்த அமிலம் ஆட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. மறுநாள் வலிப்பது தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால்.

ஆகவே, உடம்பைச் சூடேற்றியதும், பிள்ளைகள் களைப்பதற்கு முன்பே வேக ஓட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும். 15 முதல் 20 எட்டுகளுக்குள் முடியும் தூரம், ஆறேழு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் நடந்தே திரும்பிவந்து மூச்சு வாங்க அவகாசம். வேகம் குறைவது கண்ணுக்குத் தெரிந்தால் அன்றைக்கு அது போதும். சிறு பிள்ளைகளுக்கு இதையே துரத்திப் பிடிக்கும் விளையாட்டாகவோ தொடரோட்டமாகவோ மாற்றிவிடலாம்.

ஓடத் தெரிவது

கால் வேகம் பாதிதான். மீதி, பழகிவரும் அறிவு. முதல் பேஸை மிதித்துவிட்டு நிற்காமல் தாண்டி ஓடலாம். இரண்டாம் பேஸை நோக்கிப் போக முயலாமல் நேரே திரும்பிவந்தால் அவுட் இல்லை. இது தெரியாத பிள்ளை பேஸை நெருங்கும்போதே வேகத்தைக் குறைக்கும், அல்லது கடைசி அடியில் தாவும். இரண்டிலும் நேரம் போகும். அடித்த பந்து எங்கே போகிறது என்று திரும்பிப் பார்ப்பதும் அப்படித்தான். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீகில் வலக்கை பேட்டர் முதல் பேஸை அடையச் சராசரியாக 4.3 நொடி அளவில் ஆகிறது. அங்கே ஓர் அடி எடுத்துவைப்புக்கான நேரமே அவுட்டைத் தீர்மானித்துவிடும்.

இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் இந்தச் சலுகை இல்லை. தாண்டிப் போனால் பந்தோடு வந்து தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள். அங்கே சறுக்கி நிற்கத் தெரிய வேண்டும். ஒரே மூச்சில் அடுத்த பேஸுக்கும் போவதென்றால், வருவதற்குச் சற்று முன்பே வெளிப்பக்கம் வளைந்து, பேஸின் உள்மூலையை மிதித்துத் திரும்ப வேண்டும். நேராகப் போய்த் திரும்பினால் வேகம் வெளிப்பக்கமாக இழுத்துப்போகும்.

எப்போது ஓடுவது என்பது அடுத்த பாடம். பந்து உயரே போய் கேட்ச் ஆனால், ஏற்கெனவே ஒரு பேஸில் இருந்தவர் தன் பேஸுக்குத் திரும்பி அதைத் தொட்ட பிறகே மேலே போகலாம். ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தால் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை; கேட்ச் பிடித்தால் மூன்றாவது அவுட்டோடு எப்படியும் அணியின் ஆட்டமுறை முடிந்துவிடும், எனவே அடிபட்ட சத்தம் கேட்டதுமே ஓட வேண்டியதுதான். 12 வயது வரையுள்ளவர்களின் லிட்டில் லீகில் பந்து பேட்டரை எட்டும்வரை பேஸை விட்டு நகரக்கூடாது. முன்னேறும்போது தலையை முன்னால் நீட்டிச் சறுக்கினால் அவுட். பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைப் பேஸ் திருடுவது என்பார்கள்; பெரியவர்கள் அதற்குக் கையாளும் உத்திகளை இந்த வயதில் திணிப்பதில் பயனில்லை. பந்தையும் எதிரணியையும் கவனிக்கும் பழக்கத்தை இப்போதே ஊட்டலாம். 1,406 பேஸ்களைத் திருடி மேஜர் லீக் சாதனை வைத்திருக்கும் ரிக்கி ஹென்டர்சன் வேகக்காரர்தான்; கூடவே பிட்சர்களின் அசைவுகளைக் கூர்ந்து படித்தவர்.

தண்டனையும் வலியும்

ஓட்டத்தைத் தண்டனையாக்கினால், பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கப் பழகும். உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர்களின் தேசிய அமைப்பு 2009-லேயே அறிவித்தது. பந்தைக் கோட்டைவிட்டவருக்கு அதே பந்தை இன்னும் ஐந்து முறை உருட்டிவிடலாம். தாமதமாக வந்தவரைக் கடைசியில் சாமான்களை எடுத்துவைக்கச் சொல்லலாம்.

எட்டு வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் குதிகால் வலி என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று தள்ளிவிடக் கூடாது. அந்த வயதில் குதிகால் எலும்பின் வளரும் பகுதியைக் கெண்டைக்கால் தசைநாண் இழுப்பதால் வலி வருவது சகஜம். ஓட்டத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உங்கள் பிள்ளையின் பயிற்சியைப் பார்க்கப் போனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அன்றைக்கு ஓடிய ஓட்டங்களில் எத்தனை ஒரு பேஸில் போய் முடிந்தன? பாதிக்கு மேல் என்றால் பயிற்சி சரியான பாதையில் போகிறது.