பின்சக்கரம் ஏன் முந்திக் கெடுகிறது?

வார நாளில் எஸ்எஸ் 2-லிருந்து தாமான் பஹாகியா எல்ஆர்டி நிலையம் வரை, ஞாயிறு காலையில் கெலானா ஜெயா ஏரிப் பூங்கா. பெட்டாலிங் ஜெயாவில் சில நூறு ரிங்கிட்டுக்கு வாங்கிய சைக்கிளுக்குப் பெரும்பாலும் இதுதான் வேலை. இதற்கு அந்த வண்டி தாராளமாகப் போதும். ஆனாலும் சில மாதங்களில் பின்சக்கரம் கோட்டம் விழுந்து ஆடும், பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசும், பிறகு ஒருநாள் 'டங்' என்று ஸ்போக்ஸ் கம்பி அறும்.

மலிவு வண்டி என்றால் அப்படித்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கம்பியின் தரத்தைவிட அது எவ்வளவு இழுவிசையில் நிற்கிறது என்பதே முக்கியம். விலை குறைந்த சக்கரங்களைப் பெரும்பாலும் இயந்திரம்தான் முறுக்குகிறது. பிறகு ஓர் ஆள் உட்கார்ந்து கம்பி கம்பியாகச் சரிபார்க்க நேரம் ஆகும். மலிவு விலையில் அந்த நேரம்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

சக்கரம் சுழலும்போது தரையைத் தொடும் இடத்தில் உள்ள கம்பி சற்றுத் தளரும். மேலே போனதும் மறுபடி இறுகும். 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 490 முறை சுழல்கிறது. நன்றாக முறுக்கிய கம்பி இதைத் தாங்கிக்கொள்ளும். தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் முழுதாகத் தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுபடும். ஹப்பில் மாட்டியிருக்கும் அதன் வளைவு களைத்துப்போய் அங்கேயே அறும். பின்சக்கரத்தின் மேல் விழும் எடையும் அதிகம், கியர் பற்சக்கரங்களுக்கு இடம் விடவும் வேண்டும். அதனால் சங்கிலிப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று கூடுதல் இழுவிசையைச் சுமக்கின்றன. அறுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டாம், சங்கிலிப் பக்கம் எப்போதும் உச்சமாகத்தான் ஒலிக்கும். ரிம் இடப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தின் வலப்பக்கக் கம்பியை இறுக்கி, இடப்பக்கக் கம்பியைத் தளர்த்த வேண்டும். கம்பியை ரிம்மோடு இணைக்கும் நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். கை பழகாதவர்கள் கடையில் கொடுப்பதே நல்லது. வாங்கிய முதல் மாதத்திலேயே ஒருமுறை கோட்டம் எடுத்துவிட்டால் பிற்பாடு வரும் செலவு பெருமளவு குறையும்.

ஒரு கம்பி அறுந்தால் அதை மட்டும் மாற்றலாம். மூன்றாவதும் அறுந்துவிட்டால் மீதியும் அதே அளவு களைத்திருக்கும். ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் செலவு. எல்லாக் கம்பிகளையும் புதிதாகப் பின்னச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு சக்கரம் வாங்குங்கள்.

டயர் காற்றிலும் கவனம் வேண்டும். காற்று குறைவாக இருக்கும்போது குழியில் இறங்கினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ரிம்மும் அடிபடும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருக்கும்.

கடைசியாக ரிம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையில் நனைந்த மணல், பிரேக் கட்டையோடு சேர்ந்து அலுமினியத்தை அரைத்துத் தேய்க்கும். மழையில் ஓட்டிய பிறகு ரிம்மையும் பிரேக் கட்டையையும் ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் பிடிக்கும் பரப்பு உள்வாங்கிக் குழிந்திருந்தாலோ, நிப்பிள் துளையைச் சுற்றிக் கீறல் தெரிந்தாலோ அந்த ரிம்மில் இனி ஓட்டாதீர்கள். அதற்குக் கோட்டம் எடுத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.