கிணற்றுக்கு ஒரு ஒத்திகை



ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து மார்கழியில் கிணறு நிறைந்து நின்றால் நமக்கெல்லாம் ஒரு தைரியம் வந்துவிடும். "இந்த வருஷம் தண்ணிக்குக் கவலையில்லை, நவரைக்கு ரெண்டு ஏக்கரும் நட்டுடலாம்" என்று தோன்றும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு விவசாயி என்னைக் கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போய், "எவ்வளவு நடலாம் சார்?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். முப்பது அடித் தண்ணீர். "ரெண்டு ஏக்கரும் போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மாசி பிறந்து ஒரு வாரத்தில் மோட்டார் காற்றை இழுத்தது. பொதி கட்டுகிற சமயத்தில் பயிர் காய்ந்து, கடைசியில் மாட்டுக்கு அறுத்துப் போட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் பார்த்தது கிணற்றில் இருந்த தண்ணீரை மட்டும். ஊறி வருவது எவ்வளவு, வயலுக்குப் போவது எவ்வளவு, நாளாக நாளாக அது எப்படி மாறும் என்று பார்க்கவில்லை. இதைப் பார்ப்பதற்குத்தான் விஞ்ஞானத்தில் மாதிரி அமைத்தல், பாவனை செய்தல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கூத்துக்காரர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கிறார்கள் இல்லையா, அதே சங்கதிதான். கிணற்றை ஒரு நோட்டுக்குள் கொண்டுவருவது மாதிரி. அந்த நோட்டுக் கிணற்றில் தை, மாசி, பங்குனியை ஓடவிட்டுப் பார்ப்பது ஒத்திகை.

கிணற்றில் உள்ள எல்லாமே நோட்டுக்கு வேண்டியதில்லை. கல் கட்டடமா, பாறையா, எந்தக் கம்பெனி மோட்டார், இதெல்லாம் வேண்டாம். மூன்று எண் போதும். இருப்பு, வரவு, செலவு.

அந்த விவசாயியின் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். நீளம் 30 அடி, அகலம் 30 அடி. இரண்டையும் பெருக்கி, 28-ஆல் பெருக்கினால் ஒரு அடித் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று வரும். சுமார் 25,000 லிட்டர். இருப்பு 30 அடி.

அடுத்தது செலவு. நடவு நெல்லுக்கு, பயிர் குடிப்பது, வெயிலில் போவது, கீழே இறங்குவது எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். களிமண்ணில் குறையும், மணல்சாரியில் கூடும். ஒரு ஏக்கருக்கு அது நாளைக்கு சுமார் 40,000 லிட்டர். அதாவது இந்தக் கிணற்றில் 1.6 அடி. பத்து நாளைக்கு 16 அடி, இரண்டு ஏக்கருக்கு 32 அடி.

வரவைக் கயிறுதான் சொல்லும். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் காலையில் மறுபடி அளங்கள். ஒன்றரை அடி ஏறியிருந்தால் நாளைக்கு மூன்று அடி ஊற்று. இந்த ஊற்று தை மாதம் இருப்பதுபோல மாசியில் இருக்காது. பத்து நாளைக்கு ஒரு தரம் அரை அடி குறையும், கடைசியில் நாளைக்கு அரை அடியில் நிற்கும் என்று வைப்போம்.

இப்போது ஓடவிடுவோம். தை 1 நடவு, இரண்டு ஏக்கர். முதல் பத்து நாளில் வரவு 30, செலவு 32, மிச்சம் 28 அடி. அடுத்த பத்தில் வரவு 25, மிச்சம் 21. மூன்றாவது பத்தில் வரவு 20, மிச்சம் 9. நான்காவது பத்தில் வரவு 15, கையிருப்பு 9, ஆக 24. வேண்டியதோ 32. மாசி முதல் வாரத்திலேயே தரை தட்டிவிடும். நடந்ததும் அதுதான். நோட்டில் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்க வேண்டியதை வயலில் முப்பத்தைந்து நாள் கழித்துத் தெரிந்துகொண்டோம்.

ஒரு ஏக்கர் என்று போட்டுப் பாருங்கள். முப்பது நாள் வரை கிணறு நிறைந்தே நிற்கும். நாற்பதாம் நாள் 29. ஐம்பதாம் நாள் 23, அறுபதாம் நாள் 12