சிஸ்டம்டி 256

சிஸ்டம்டி 256 என்பது லினக்ஸ் கணினிகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருள் தொகுப்பின் ஒரு பதிப்பு ஆகும். இது 2024 ஜூன் 11 அன்று வெளியானது. நிர்வாகி அதிகாரத்துடன் கட்டளைகளை இயக்கும் ரன்0 என்னும் புதிய கருவி, வெளி நிரலகங்களைச் சார்ந்திருப்பதைக் குறைத்தது, பழைய கட்டுப்பாட்டுக் குழு முறைக்கு விடை கொடுத்தது ஆகியவை இதன் முதன்மையான மாற்றங்கள். இதே பதிப்பில் சேர்க்கப்பட்ட துப்புரவு வசதி ஒன்று பயனர்களின் சொந்தக் கோப்புகளையே அழிக்கக்கூடியதாக இருந்தது. அதனால் அது பின்னர் இருமுறை திருத்தப்பட்டது.

பின்னணி

லினக்ஸ் கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் எழுவது கருனி. கருனி தன் வேலைகளை முடித்ததும் ஒரே ஒரு நிரலை இயக்கிவிடுகிறது. அதன் எண் 1. மற்றச் சேவைகளை வரிசைப்படி தொடங்குவதும், நின்றுபோனவற்றை மீண்டும் எழுப்புவதும், கணினியை அணைக்கும்போது எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்துவதும் இந்த முதல் நிரலின் பொறுப்பு. இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் இந்த இடத்தில் இருப்பது சிஸ்டம்டி.

லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010இல் இதைத் தொடங்கினர். 2011இல் ஃபெடோரா 15 இதை இயல்பிருப்பாக ஏற்றது. 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவையும் இதற்கு மாறின. காலப்போக்கில் பதிவேடு, வலையமைப்பு, பயனர் நுழைவு, தற்காலிகக் கோப்புகள் எனப் பல பணிகளும் இதன் கீழ் வந்தன. ஒரே தொகுப்பு இத்தனை வேலைகளைச் செய்வது சரியா என்ற விவாதமும் அன்றிலிருந்து தொடர்கிறது. இவ்வளவு பொறுப்புகள் ஓரிடத்தில் குவிந்திருப்பதால், இதன் ஒரு பதிப்பில் செய்யப்படும் சிறிய மாற்றமும் பல கணினிகளைத் தொடும்.

ரன்0

லினக்ஸில் சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகி அதிகாரம் தேவைப்படும் கட்டளையை இயக்கப் பொதுவாக சூடோ என்னும் நிரலைப் பயன்படுத்துகிறார். சூடோ 1980ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் உருவானது. அதன் கோப்பில் ஒரு சிறப்பு அனுமதிக் குறி இடப்பட்டுள்ளது. அக்குறி உள்ள நிரலை யார் இயக்கினாலும், அது கோப்பின் உரிமையாளரான நிர்வாகியின் அதிகாரத்துடன் இயங்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த நிரல் நிர்வாகியின் அதிகாரத்தைப் பெற்றாலும், அது பிறப்பது சாதாரணப் பயனரின் சூழலில். அவர் அமைத்த சூழல் மாறிகள், திறந்து வைத்த கோப்புகள், வள வரம்புகள் எல்லாம் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் ஒன்றைச் சரிவரக் கையாளாமல் விட்டாலும் தாக்குபவருக்கு வழி கிடைத்துவிடும். 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் சூடோவில் ஒரு கடுமையான வழுவை வெளியிட்டது. சாதாரணப் பயனர் எவரும் கடவுச்சொல் இன்றியே நிர்வாகி ஆகிவிடலாம் என்ற அளவுக்குத் தீவிரமான அந்த வழு, 2011 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

ரன்0 வேறு வழியில் செல்கிறது. அது தானாக அதிகாரம் பெறுவதில்லை. ஏற்கெனவே முழு அதிகாரத்துடன் இயங்கிக்கொண்டிருக்கும் சிஸ்டம்டியிடம் கோரிக்கை வைக்கிறது. போல்கிட் என்னும் அனுமதி அமைப்பு கடவுச்சொல்லைச் சரிபார்த்த பின், சிஸ்டம்டி புதிய, தூய சூழலில் அந்தக் கட்டளையைத் தொடங்குகிறது. பள்ளி அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பதிவேடு வேண்டும் என்று கேட்கும் மாணவனிடம் அலமாரிச் சாவியையே கொடுத்து அனுப்புவது ஒரு முறை. விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு எழுத்தரே பதிவேட்டை எடுத்துத் தருவது இன்னொரு முறை. சூடோ முதல் முறை, ரன்0 இரண்டாம் முறை.

ரன்0 இயங்கும்போது முனையத்தின் பின்னணி செந்நிறச் சாயல் பெறும். இப்போது கையில் இருப்பது நிர்வாகி அதிகாரம் என்பதைப் பயனர் மறந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அதேவேளை, எந்தப் பயனர் எந்தக் கட்டளையை மட்டும் இயக்கலாம் என்று சூடோவின் அமைப்புக் கோப்பில் நுணுக்கமாக எழுதும் முறை ரன்0இல் இல்லை. ஆகவே இது சூடோவை நீக்கிவிடவில்லை. ஒரே கணினியில் இரண்டும் இருக்கலாம்.

நிரலகச் சார்பு குறைப்பு

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருப்பதை உலகுக்கு அறிவித்தார். தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிச் சென்றபோது அவர் கண்டது அது.

சுருக்க மென்பொருளுக்கும் தொலைநுழைவுக்கும் என்ன தொடர்பு? டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள், தொலைநுழைவுச் சேவையான ஓப்பன்எஸ்எஸ்எச் தான் தயாராகிவிட்டதை சிஸ்டம்டிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காக அதைச் சிஸ்டம்டியின் நிரலகத்துடன் இணைத்திருந்தன. அந்த நிரலகம் சுருக்கப்பட்ட பதிவேடுகளைப் படிக்க எக்ஸ்இசட் நிரலகத்தையும் உடன் இழுத்து வந்தது. இவ்வாறு, ஓப்பன்எஸ்எஸ்எச் ஒருபோதும் பயன்படுத்தாத நிரல் அதன் நினைவகத்துக்குள் நுழைந்துவிட்டது.

256ஆம் பதிப்பில் இந்தச் சங்கிலி அறுக்கப்பட்டது. சுருக்கத்துக்கும் மறையாக்கத்துக்கும் உரிய நிரலகங்கள் இப்போது தொடக்கத்திலேயே ஏற்றப்படுவதில்லை. உண்மையில் தேவைப்படும் நேரத்தில் மட்டுமே அழைக்கப்படுகின்றன. இதற்கான வேலை பின்கதவு வெளிப்படும் முன்பே தொடங்கியிருந்தது. அதன் பாதுகாப்பு மதிப்பு அந்நிகழ்வுக்குப் பின் எல்லோருக்கும் தெளிவாயிற்று.

பழைய கட்டுப்பாட்டுக் குழுக்களுக்கு விடை

செயல்முறைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி நேரம் என்று வரம்பு வகுக்கும் கருனி வசதியே கட்டுப்பாட்டுக் குழு. இதன் இரண்டாம் பதிப்பு 2016இல் கருனி 4.5 வெளியானபோது நிலைபெற்றது. ஆனாலும் முதல் பதிப்பை நம்பிய மென்பொருள்கள் நெடுநாள் தொடர்ந்தன.

256ஆம் பதிப்பு, முதல் பதிப்பின் கீழ் தொடங்க இயல்பாகவே மறுத்துவிடுகிறது. கருனிக்கான தொடக்கக் கட்டளையில் சிறப்பு அமைப்பு ஒன்றைச் சேர்த்தால் மட்டுமே அது இடம் தரும். 2025இல் வந்த 258ஆம் பதிப்பில் அந்த வழியும் மூடப்பட்டது. டாக்கர் மென்பொருள் 20.10 முதல் புதிய முறையை ஆதரிக்கிறது. அதற்கு முந்தைய டாக்கர், பழைய ஜாவா ஆகியவற்றை வைத்திருப்போர் கணினியை மேம்படுத்தும் முன் அவற்றை மேம்படுத்திக்கொள்ள வேண்டும்.

துப்புரவு வசதியும் ஹோம் அடைவும்

சிஸ்டம்டி தொகுப்பில் டெம்ப்ஃபைல்ஸ் என்றொரு கருவி உண்டு. பெயரைப் பார்த்தால் தற்காலிகக் கோப்புகளை மட்டும் கவனிப்பது போலத் தோன்றும். தொடக்கத்தில் அதன் வேலையும் அதுவே. பின்னர் கணினிக்குத் தேவையான நிலையான அடைவுகளை உருவாக்குவதும் அதனிடமே ஒப்படைக்கப்பட்டது. பயனர்களின் படங்கள், கடிதங்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் அடைவும் அவற்றுள் ஒன்று. அந்த அடைவு இல்லாவிட்டால் உருவாக்கு என்ற வரி, தொகுப்புடன் வரும் அமைப்புக் கோப்பிலேயே உள்ளது.

256ஆம் பதிப்பில் இக்கருவிக்கு பர்ஜ் என்னும் தெரிவு சேர்க்கப்பட்டது. அமைப்புக் கோப்புகளின்படி உருவாக்கப்பட்ட அனைத்தையும் நீக்குவது அதன் பணி. ஒரு மென்பொருளை அகற்றும்போது அதன் எச்சங்களையும் துடைத்தெடுக்க அது உதவும். ஆனால் எந்த அமைப்புக் கோப்பு என்று குறிப்பிடாமல் நிர்வாகி அதிகாரத்துடன் இயக்கினால், எல்லா அமைப்புக் கோப்புகளும் கணக்கில் வரும். ஹோம் அடைவும் பட்டியலில் சேர்ந்துவிடும். தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பதாக எண்ணி இதை இயக்கிய பயனர் தம் ஹோம் அடைவையே இழந்ததாக வழு அறிக்கை வந்தது.

கருவி தன் ஆவணத்தில் சொல்லியபடியே நடந்தது. பெயரோ வேறொன்றைச் சொல்லியது. பயனர் நம்பியது பெயரை.

அதே மாதத்தில் வந்த 256.1 திருத்தத்தில், அமைப்புக் கோப்பு ஒன்றையேனும் குறிப்பிடாவிட்டால் பர்ஜ் இயங்க மறுக்குமாறு செய்யப்பட்டது. 2024 டிசம்பரில் வெளியான 257ஆம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. டாலர் குறி இடப்பட்ட வரிகளுக்கு மட்டுமே பர்ஜ் பொருந்தும் என்றாயிற்று. முன்பு விலக்கப்படாத அனைத்தும் அழிந்தன. இப்போது அழிக்கலாம் என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்டவை மட்டுமே அழிகின்றன.

பிற மாற்றங்கள்

கணினிக்கு ஏற்ற உறக்க நிலையைத் தானே தேர்ந்தெடுக்கும் ஸ்லீப் கட்டளை, மெய்நிகர் கணினிகளுக்குள் வலையமைப்பு அமைக்காமலே தொலைநுழைவு பெறும் வசதி, குறியாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொற்களைச் சாதாரணப் பயனரின் சேவைகளும் பயன்படுத்தும் வசதி ஆகியவையும் இப்பதிப்பில் வந்தன.

பயன்பாடு

ஃபெடோரா 41, உபுண்டு 24.10 ஆகியவை 256ஆம் பதிப்புடன் வெளியாயின. டெபியன் 13இல் 257ஆம் பதிப்பு உள்ளது. தம் கணினியில் உள்ள பதிப்பை அறிய விரும்புவோர் சிஸ்டம்சிடிஎல் கட்டளையை வெர்ஷன் தெரிவுடன் இயக்கினால் முதல் வரியிலேயே எண்ணைக் காணலாம்.

டெம்ப்ஃபைல்ஸ் கருவியைக் கையாளும்போது, 256இலேயே சேர்க்கப்பட்ட ட்ரை ரன் என்னும் ஒத்திகைத் தெரிவை முதலில் பயன்படுத்துவது நல்லது. என்னென்ன செய்யப்படும் என்பதை அது பட்டியலிடும், எதையும் மாற்றாது. பட்டியலில் ஹோம் அடைவின் பெயர் தென்பட்டால், கட்டளையை அங்கேயே நிறுத்திவிடலாம்.