காறலின் தடம்

நாட்பட்ட முறுக்குத் தூக்கைத் திறந்ததும் எழும் சிக்கு வாடை, எண்ணெய்க்குள் ஓசையின்றி நெடுநாள் நடந்த வினையின் கடைசிக் காட்சி. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் மிகுந்துள்ள லினோலெயிக் அமிலத்தில், இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே நிற்கும் 11ஆம் கரிமம் தன் நீரகத்தை எளிதில் இழக்கும். நிலைகுலைந்த தொடரின் 9ஆம் இடத்திலோ 13ஆம் இடத்திலோ காற்றின் உயிர்வளி வந்து பற்றும். அங்ஙனம் பிறக்கும் ஹைட்ரோபெராக்சைடை மூக்கு அறியாது. அது சிதைந்து ஹெக்சனல் முதலிய சிறு மூலக்கூறுகள் பறக்கும்போதே வாடை வரும்.

இதை அளக்கப் பெராக்சைடு எண் என்னும் பழைய முறை உண்டு. எண்ணெயோடு அயோடைடைச் சேர்த்து, வெளிப்படும் அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்ப்பர். மாவுப்பொருள் தந்த நீலம் மறையும் துளியோடு கணக்கு முடியும். மலிவான முறைதான். ஆயினும் அந்த எண் ஏறிப் பின் இறங்கும் இயல்புடையது. பிறப்பதைவிடச் சிதைவது விரைந்தால் எண் சரியும். முதிர்ந்து கெட்ட எண்ணெயும் புத்தெண்ணெயாய் வேடங்கட்டும். அதை மட்டும் நம்பி நற்சான்று வழங்குவோர் மீது எனக்கு மதிப்பில்லை.

அந்த எண்ணைத் தாண்டி, ஹைட்ரோபெராக்சைடுகளையே தனித்தனியே பிரித்துக் காண வண்ணப்பிரிகை உதவும். சுண்ணாம்புத்தூள் அடைத்த குழலில் இலைச்சாற்றை ஊற்றி நிறங்களைப் பிரித்த உருசிய அறிஞர் சுவெட், 1906இல் அம்முறைக்கு வண்ண எழுத்து என்னும் பொருளில் பெயரிட்டார். கொழுப்பு ஆய்வுக்கு அதன் நீர்ம வடிவமே ஏற்றது. வளிம வண்ணப்பிரிகையின் வெப்பம் தாங்காமல் ஹைட்ரோபெராக்சைடு வழியிலேயே உடையும். நீர்ம முறையிலோ அறை வெப்பத்திலேயே அது முழுதாய்க் கரையேறும்.

சிலிக்கா நுண்மணிகள் செறிந்த குழலிலிருந்து முதலில் 13ஆம் இடத்தவை இரண்டு, பின்னர் 9ஆம் இடத்தவை இரண்டு என நான்கு முகடுகள் எழும். 234 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை அவை உறிஞ்சும். கெடாத லினோலெயிக் அமிலத்துக்கு அவ்வலிமை இல்லை. முகடுகளின் விகிதமும் பேசும். உயிர்ச்சத்து ஈ நிறைந்திருந்தால், பிணைப்புகள் இரண்டும் மாறுபக்க வடிவுக்குத் திரும்பிவிட்ட ஹைட்ரோபெராக்சைடுகளின் முகடுகள் சிறுத்திருக்கும்.

எண்ணெயில் எஞ்சிய பச்சையம் ஒளியை வாங்கி உயிர்வளியைக் கிளர்த்தினால், 10, 12ஆம் இடங்களிலும் அது ஒட்டும். அவ்விரண்டும் 234இல் தென்படா. பொருண்மை நிறமாலைமானியை இணைத்தால் அகப்படும். கண்ணாடிப் புட்டி கடைத்தட்டில் வெளிச்சத்தில் நின்றதா, இருளறையில் கிடந்ததா என்பதை இந்தச் சிறு முகடுகள் இரண்டே காட்டிக்கொடுக்கின்றன.