பிள்ளையை ‘ஹோமில்’ விடலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

தந்தை சிறையில், தாய் நோயில், பாட்டிக்கோ முழங்கால் வலி. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் உறவினர் இரண்டே யோசனைதான் சொல்வார்கள்: “ஏதாவது ஹோமில் சேர்த்துவிடு” அல்லது “ஊருக்கு அனுப்பி ஹாஸ்டலில் போடு”. இரண்டுக்கும் முன்னால் வேறு சில வழிகள் உள்ளன. பலருக்கும் எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

ஆதரவற்ற பிள்ளைகளை இலவசமாகத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பள்ளி சிங்கப்பூரில் உண்டா?

பள்ளியும் விடுதியும் ஒன்றாக அமைந்த தர்மப் பள்ளியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே தங்குமிடம் தனி, பள்ளி தனி. இல்லத்தில் வளரும் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போலச் சீருடை அணிந்து வழக்கமான பள்ளிக்குத்தான் போகிறது.

அறப்பணி இல்லங்களின் வரலாறு பழையது. குழந்தைகள் உதவிச் சங்கம் 1902-இல் தொடங்கியது. அதன் மெல்ரோஸ் இல்லம் பலருக்குத் தெரிந்த பெயர். 1928-இல் இங்கு வந்த ராமகிருஷ்ண மிஷன், லிட்டில் இந்தியாவின் நாரிஸ் ரோட்டில் விவேகானந்தர், சாரதாமணி பெயர்களில் பள்ளிகள் நடத்தியது. பின்னர் பார்ட்லி ரோட்டில் சிறுவர் இல்லம் அமைத்தது. பாய்ஸ் டவுன் 1948-இல் பிறந்தது.

வீட்டில் காசில்லை. அதற்காகப் பிள்ளையை எடுத்துப் போய்விடுவார்களா?

இல்லை. வறுமை மட்டுமே ஒரு பிள்ளையைப் பிரிக்கக் காரணம் ஆகாது. கொடுமை, கடும் புறக்கணிப்பு, பாதுகாப்பின்மை ஆகியவைதான் சிறுவர், இளையர் சட்டத்தின் கவலை. 2019-இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, அதன் பாதுகாப்பு 16 வயதுக்குக் கீழ் என்றிருந்தது 18 வயதுக்குக் கீழ் என விரிந்தது.

பணக்கஷ்டத்துக்கு வேறு கதவுகள் உள்ளன. 2005-இல் தொடங்கிய காம்கேர் உதவியைச் சமூகச் சேவை அலுவலகத்தில் கேட்கலாம். கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில் தகுதி பெறும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் தள்ளுபடி. பாடநூலும் சீருடையும் இலவசம். 2000-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பள்ளிக் கைச்செலவு நிதி, குடும்பச் சேவை நிலையங்கள் வழியாகக் கிடைக்கிறது.

சம்பளத்தில் சிண்டாவுக்குப் பிடிக்கிறார்களே, அதை நாங்கள் கேட்கலாமா?

தாராளமாக. 1991-இல் தோன்றிய இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு இந்தியர்களின் சம்பளத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை போகிறது. அந்தப் பணம் துணைப்பாட வகுப்பாகவும் குடும்ப ஆலோசனையாகவும் திரும்பி வருகிறது. அலுவலகம் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பீட்டி ரோட்டில், 1-ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது. குடும்பச் சேவை நிலையமும் அங்கேயே. தமிழிலேயே பேசலாம்.

‘ஹோம்’ என்றால் குற்றம் செய்த பிள்ளைகளை வைக்கும் இடந்தானே?

இந்தக் குழப்பத்தால்தான் பலர் வாய்திறப்பதில்லை. குற்றம் புரிந்த இளையர்களைச் சீர்திருத்த அரசாங்கம் நடத்தும் சிங்கப்பூர் சிறுவர் இல்லமும் சிறுமியர் இல்லமும் வேறு. பராமரிப்பு இல்லாத பிள்ளைகளுக்கான தொண்டு இல்லங்கள் வேறு.

அந்தத் தொண்டு இல்லமும் முதல் தெரிவல்ல. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் தாத்தா பாட்டி, மாமா, அத்தை என்று உறவில் யாராவது பார்த்துக்கொள்வார்களா என்றுதான் முதலில் ஆராய்வார்கள். அடுத்தது வளர்ப்புக் குடும்பம். இத்திட்டம் 1956 முதல் நடக்கிறது. இவையும் சரிவராதபோதுதான் இல்லம்.

கையெழுத்துப் போட்டால் பிள்ளை திரும்பி வருமா?

இரு வகை உண்டு. ஒன்று, பெற்றோர் சம்மதித்துச் செய்துகொள்ளும் உடன்பாடு. மற்றது, பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் இளையர் நீதிமன்றம் பிறப்பிக்கும் பராமரிப்பு அல்லது பாதுகாப்பு உத்தரவு. இரண்டுமே தத்துக் கொடுப்பது ஆகாது. வீடு பாதுகாப்பானதும் பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பதே நோக்கம். கையெழுத்திடுமுன் எவ்வளவு காலம், எப்போது பார்க்கலாம், திரும்பி வர என்ன மாறவேண்டும் என்ற மூன்றையும் சமூக ஊழியரிடம் கேட்டுத் தெளிவாகுங்கள்.

நான் வேலை அனுமதியில் இருக்கிறேன். மனைவி இல்லை, பிள்ளை தமிழ்நாட்டில் பாட்டியிடம். என்ன செய்யலாம்?

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோரில் சிலருக்காவது இருக்கும் கவலை இது. வேலை அனுமதியில் இருப்பவர் பிள்ளையை இங்கே அழைத்துவர முடியாது. ஊரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம், அவசரத்துக்கு 1098. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வீட்டிலேயே வளரும் பிள்ளைக்கு மாதம் ரூ.4,000 உண்டு. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, நகரத்தில் ரூ.96,000 தாண்டக்கூடாது. இங்கிருந்து நீங்கள் அனுப்பும் பணமே அந்த வரம்பை மீறிவிடலாம். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளை முதன்மையாகக் கொண்டு தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம் மாதம் ரூ.2,000 தருகிறது. இரண்டு திட்டங்களும் பணத்தைப் பிள்ளை வளரும் வீட்டுக்கே கொடுக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

சிங்கப்பூரில் முதலில் யாரை அழைப்பது?

பணம், சாப்பாடு, பள்ளிச் செலவு என்றால் காம்கேர்: 1800-222-0000. அடி, கொடுமை, புறக்கணிப்பு என்றால் 1800-777-0000. இது எந்நேரமும் இயங்கும். அண்டை வீட்டாரும் அழைக்கலாம்.

பாட்டியின் முழங்கால் வலி முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். அவர் நடமாடும்போதே உதவி வந்தால், பிள்ளை அவரிடமே வளரலாம்.