கரையோரச் சுறாத் தூண்டில் (பிரித்தானியா)

கரையோரச் சுறாத் தூண்டில் என்பது படகில் செல்லாமல் கடற்கரையில் நின்றவாறே கோலும் நரம்பும் கொண்டு சிறு சுறாக்களைப் பிடிக்கும் பொழுதுபோக்கு ஆகும். பிரித்தானியக் கரைகளில் பெரிதும் நாடப்படுபவை இரண்டு: உடலில் வெண்புள்ளிகள் கொண்ட ஸ்மூத்-ஹவுண்ட் (மஸ்டெலஸ் ஆஸ்டீரியஸ்), டோப் (கேலியோரைனஸ் கேலியஸ்). கோடைக்காலமே இவற்றுக்குரிய முதன்மைப் பருவம். கருவித் தேர்வைத் தீர்மானிப்பவை இவற்றின் பற்கள். முன்னதன் பற்கள் தட்டையானவை, நண்டின் ஓட்டை நொறுக்க அமைந்தவை. பின்னதன் பற்கள் நைலான் நரம்பை எளிதில் அறுத்துவிடும்.

கோல், நரம்பு, ஈயம்

ஏறத்தாழ 12 முதல் 13 அடி நீளமும் 4 முதல் 6 அவுன்சு (சுமார் 115 - 170 கிராம்) ஈயத்தை வீசும் வலிமையும் கொண்ட கோல் பொதுவாகப் பயன்படுகிறது. ரீலில் 15 - 18 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு, 200 மீட்டருக்குக் குறையாமல் சுற்றப்படும். நீரோட்டம் வலுவான இடங்களில் மணலைப் பற்றிக்கொள்ளும் கம்பிக்கால்கள் உள்ள ஈயம் தேவை.

இந்த நரம்பை மட்டும் நம்பி ஈயத்தை வீசுதல் கூடாது. வீசும் கணத்தில் நரம்பின் மீது ஏற்படும் விசை ஈயத்தின் எடையைப் போல் பன்மடங்காகும். நரம்பு அறுந்தால் ஈயம் எத்திசையில் பறக்கும் என்று கூற இயலாது, அருகில் நிற்பவரின் உயிருக்கே அது ஆபத்தாகலாம். எனவே நுனியில் தடித்த முன்நரம்பு (ஷாக் லீடர்) இணைக்கப்படுகிறது. ஒரு அவுன்சு ஈயத்துக்கு 10 பவுண்டு வலிமை என்பது வழக்கிலுள்ள கணக்கு. அதாவது 5 அவுன்சுக்கு 50 பவுண்டு, 6 அவுன்சுக்கு 60 பவுண்டு. இது குறைந்தபட்ச அளவே. பாறை உராய்வு உள்ள இடத்தில் 80 பவுண்டு முன்நரம்பு இடுதல் நலம். வீசத் தயாரான நிலையில் கோலின் முழுநீளத்தையும் கடந்து ரீலில் சில சுற்றுகள் இருக்குமளவு அது நீளமாக இருத்தல் வேண்டும்.

தூண்டில் கட்டு

மிகப் பயனுள்ளது கப்பிக் கட்டு (புல்லி ரிக்) ஆகும். முன்நரம்பின் நுனியிலுள்ள வளையம் ஒன்றினூடே கட்டின் நரம்பு தடையின்றி ஓடும். அதன் ஒரு முனையில் ஈயம், மறுமுனையில் முள். மீன் இழுக்கும்போது ஈயம் வளையத்தை நோக்கி மேலே தூக்கப்படுவதால் பாறை இடுக்கில் சிக்குவது குறைகிறது. கிணற்றுக் கப்பியின் ஒரு பக்கத்தை இழுத்தால் மறுபக்க வாளி எழுவது போன்றதே இது.

ஸ்மூத்-ஹவுண்டுக்கு 40 - 60 பவுண்டு நைலானும் 3/0 அல்லது 4/0 அளவு முள்ளும் போதும். சிறந்த இரை, ஓடு கழற்றும் தறுவாயிலுள்ள நண்டு. நீண்ட இரை சுருண்டு முள்முனையை மறைக்காதிருக்க, மேலே இரண்டாவது முள் ஒன்றைப் பொருத்துவதும் உண்டு. டோப்புக்கு முள்ளை அடுத்து எஃகுக் கம்பி இன்றியமையாதது. இதன் தோல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது, ஆகையால் கம்பிக்கு மேல் மீனின் உடல் நீளத்தையும் மிஞ்சும் தடித்த நைலான் தேவைப்படும். கானாங்கெளுத்தித் துண்டு இதற்கேற்ற இரை.

இரை தொட்டதும் ஸ்மூத்-ஹவுண்ட் நெடுந்தொலைவு பாய்ந்தோடும். ரீலின் பிடியை இறுக்கிவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றவரின் கோல் கடலுக்குள் போவது அரிதன்று. பிடியைத் தளர்த்தி வைப்பதே முறை.

விடுவித்தல்

டோப் 2020-ஆம் ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டது. இங்கிலாந்தில் 2008-ஆம் ஆண்டு ஆணை, கோலும் நரம்பும் தவிர்த்த பிற முறைகளில் இதனைக் குறிவைத்துப் பிடிப்பதைத் தடை செய்தது. எனவே பிடித்ததை உயிருடன் விடுவதற்கேற்ற கருவியே நல்ல கருவி. வாயோரத்தில் பதியும் வட்டமுள், கொக்கியை நசுக்கிய முள் ஆகியன முள்ளை விரைவில் அகற்ற உதவும். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளுறுப்புகள் சேதமடையக்கூடும். ஒரு கை வால் அடியிலும் மறுகை மார்புத் துடுப்புகளின் கீழும் இருக்கத் தூக்கி, அலையில் நேராக நிறுத்தி, அது தானே நீந்தத் தொடங்கிய பின் கையை எடுக்க வேண்டும்.