குவாரியில் வெடித்தால் வீடு ஏன் அதிர்கிறது?

கல்குவாரியில் வெடி வைத்தால், அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் பாத்திரங்கள் ஏன் குலுங்குகின்றன?

வெடிமருந்தின் ஆற்றலில் சிறு பகுதிதான் பாறையை உடைக்கிறது. மீதி வெப்பமாகவும் சத்தமாகவும் நில அதிர்வாகவும் வீணாகிறது. அந்த அதிர்வு அலையாகப் பரவி அஸ்திவாரத்தைத் தொடுகிறது.

உடம்பு உணரும் அதிர்வெல்லாம் சுவரைப் பிளப்பதில்லை. அலையின் தாளம் முக்கியம். ஓரிரு மாடி வீடுகள் வினாடிக்குச் சுமார் 5 முதல் 10 முறை ஆடும் இயல்புள்ளவை. அலையும் அதே தாளத்தில் வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல ஆட்டம் பெருகும். அதனால்தான் இந்தியச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல், 8 ஹெர்ட்ஸுக்குக் (வினாடிக்கு 8 முறைக்குக்) குறைந்த அதிர்வுக்குச் சாதாரண வீடுகளில் நிலம் ஆடும் வேகம் வினாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று கடுமையாக வரம்பு கட்டியது. 25 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்த வரம்பு 15 மில்லிமீட்டர்.

அதிர்வைக் குறைக்க வழியும் இருக்கிறது. வெடிமருந்து நிரப்பிய எல்லாக் குழிகளையும் ஒன்றாக வெடிக்கச் செய்யாமல், சில மில்லி வினாடி இடைவெளி விட்டு வெடிக்கச் செய்தால் அதிர்வு வெகுவாகக் குறையும். செலவைக் காட்டி இதைத் தவிர்ப்பது அநியாயம்.

தமிழ்நாட்டில் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது விதி. விரிசல் கண்டால் தேதியோடு படமெடுத்து வையுங்கள். அதிர்வை அளக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்திலேயே மனு கொடுங்கள்.